பெட்டிக்கு வெளியே போன சிக்னல்

1

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வாரம், மட்டாஞ்சேரியில் ஒரு தெருவின் மொபைல் போன்களை நான் ஊமையாக்கினேன். இந்தத் துறைக்கு வர நினைக்கும் பிள்ளைகள் எந்த கோர்ஸ் படிக்கலாம் என்றுதான் கேட்கிறார்கள். இதை யாரும் கேட்பதில்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் அலுவலகம் பழைய மிளகுக் கிடங்கின் மாடியில் இருந்தது. போனுக்கும் டவருக்கும் நடக்கும் பேச்சில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடி, போன் கம்பெனிக்கு எழுதுவது வேலை. அதற்கு ஒரு சின்ன டெஸ்ட் டவர் உண்டு. ஷீல்ட் பாக்ஸ் என்ற உலோகப் பெட்டிக்குள் அதை வைத்து, கதவை இறுக்கி மூடிய பிறகுதான் ஆன் செய்ய வேண்டும். சிக்னல் வெளியே கசியக் கூடாது. கேபிளுக்கென்று பெட்டியில் இருந்த போர்ட் அன்று மக்கர் செய்தது. நான் யூ.எஸ்.பி. கேபிளைக் கதவிடுக்கு வழியாக விட்டு, முக்கால்வாசி மூடினேன். பத்து நிமிஷம்தானே என்று நினைப்பு. புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ!

டெஸ்ட் டவர், தன்னிடம் வரும் போனிடம் "உன் சிம் செல்லாது" என்று சொல்லும். போன் அதை நம்புகிறதா என்பதுதான் சோதனை. பெட்டிக்குள் இல்லாத போன்களும் கம்ப்யூட்டர் திரையில் வரிசையாக வரத் தொடங்கியதும் பதறி அணைத்தேன். யாருக்கும் தெரியாது என்று சாயா குடிக்க இறங்கினேன்.

2

கீழே பாத்திரக்கடை காஜா இக்கா போனைத் தட்டிக்கொண்டிருந்தார். அவர் மகள் எர்ணாகுளத்தில் பிரசவத்துக்கு அட்மிட் ஆகியிருந்தாள்.

"மோளே, ரத்தம் வேணும்னா விளிப்போம்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. கொடுக்கறதுக்கு என் தம்பி இங்க ரெடியா நிக்கிறான். கால் மணிக்கூரா ரேஞ்சே இல்ல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. டவரை அணைத்தாலும், அது சொன்னதை நம்பிய போன், ஆஃப் செய்து ஆன் செய்யும்வரை நிஜ டவரிடம் போகாது.

"ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கோ இக்கா."

செய்தார். உடனே ஆஸ்பத்திரி அழைத்தது. தம்பியை இழுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறியவர், "படைச்சோன் உன்னைக் காக்கட்டும் மோளே!" என்று கத்திவிட்டுப் போனார். கன்னத்தில் அறைந்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

கடை கடையாகப் போய் எல்லோரையும் ஆஃப் செய்து ஆன் செய்யச் சொன்னேன். காரணம் சொல்லவில்லை. எங்கள் லீட் ஷோபா சேச்சியிடம் மட்டும் ஒப்புக்கொண்டேன். அவளும் என்னைப்போலத் தமிழ்க்காரி.

"நெட்வொர்க் கம்பெனிக்கு நான் எழுதறேன். நம்ம டெஸ்ட் லைசென்ஸ் போனாலும் போகட்டும். தெருக்காராகிட்ட சொன்னியா?"

"சொல்லிட்டேன் சேச்சி." அரைப் பொய்.

3

நெட்வொர்க் கம்பெனி கடுமையாக எச்சரித்து விட்டுவிட்டது. என் வேலையும் தப்பியது. நான்காம் நாள் இக்கா ஹல்வாவோடு மாடி ஏறி வந்தார். பெண் குழந்தை. ரத்தம் கொஞ்சம் தாமதமாகத்தான் ஏறியதாம், தாய் தேறிவிட்டாள்.

"எல்லாம் உன் புத்திதான் மோளே."

அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"உங்க போனைக் கெடுத்ததே நான்தான் இக்கா. பெட்டிக்குள்ள பூட்டி வெக்க வேண்டியதை வெளியில விட்டுட்டேன்."

அழுதுவிட்டேன்.

"என் மோள் போயிருந்தா?"

ஹல்வாவை மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்தவர், "தெருவுல வேற யாருகிட்ட சொன்னே?" என்றார்.

"யார்கிட்டயும் இல்லை."

எழுந்து செருப்பை மாட்டினார். "வா, எல்லார்கிட்டயும் சொல்லணும். நானும் வரேன். தனியாப் போனா உன்னைக் கடிச்சுத் தின்னுடுவாங்க."

பதினொரு கடைகள். கொப்பரை வியாபாரி வாய்க்கு வந்தபடி திட்டினார். இக்கா தடுக்கவில்லை, நகரவும் இல்லை. ஒவ்வொரு கடையிலும் நான் வாய் திறக்கும்வரை காத்திருந்தார்.

ஓட்டையைக் கண்டுபிடிப்பது எங்கள் வேலையில் பாதிதான். அது யாரைத் தொட்டதோ அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்வது மறு பாதி. அதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர், என் தப்பால் மகளையே இழந்திருக்கக் கூடியவர்.