இருபத்துமூன்றாம் சிலைட்

என்னிடம் பழைய சிலைட் ஒன்று, சட்டம் போட்ட சிறு படச்சுருள் துண்டு, இருக்கிறது. சமையலறை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் வெறும் நாணற்புல்தான் தெரியும். வீட்டுக்கு வருபவர்களிடம் அதைக் கொடுத்து, இதில் என்ன இருக்கிறது என்று கேட்டு, அவர்கள் முழிப்பதைப் பார்ப்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோசம்.

தொண்ணூறுகளில் ஜெர்மனியின் எசன் நகரில் படம் கழுவும் கூடமொன்றில் நானும், மன்னாரிலிருந்து வந்த ஓர் அண்ணையும் பக்கத்துப் பக்கத்து மேசையில் வேலை செய்தோம். படச்சுருளைத் தனித்தனியாக வெட்டிச் சட்டத்தில் பொருத்துவது அவர் வேலை. பெட்டியில் அடுக்குவது என்னுடையது. கைதவறி எடுபட்ட தரையும் புல்லும் வந்தால், சட்டத்தை வீணாக்காமல் குப்பைத்தொட்டியில் போட்டுவிடுவோம். அது கூடத்தின் வழக்கம்.

ஒருநாள் ஆபிரிக்காவின் சாம்பேசி ஆற்றில் மூன்று கிழமை படகில் திரிந்து பறவைகளைப் படமெடுத்த ஜெர்மன் பெண்மணி ஒருவரின் சுருள்கள் வந்தன. கறுப்பு வெள்ளை மீன்கொத்தி ஒன்றைக் கண்டதும் அண்ணைக்குப் பிடிபடவில்லை. மன்னாரில் இருப்பது ஆபிரிக்காவுக்கு எப்படிப் போனது என்று, சொந்தக்காரரைப் பற்றி விசாரிப்பதுபோல விசாரித்தார். நீர்யானைகளின் காதுகளை வைத்து எத்தனை என்று எண்ணினோம்.

பெட்டியை வாங்கிப்போன அம்மையார் மறுநாளே குறிப்புப் புத்தகத்துடன் வந்து நின்றார். ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஒரு பறவையின் பெயர் எழுதியிருந்தார். இருபத்துமூன்றாவதைக் காணவில்லை. அந்தப் பறவைக்காகத்தான் அவ்வளவு தூரம் போனாராம். கிடைக்காவிட்டால் முதலாளியிடம் போவாராம். அண்ணையின் முகம் செத்துவிட்டது. வேலை இருந்தால்தான் அவருக்கு விசா நீளும்.

தொட்டியைக் கவிழ்த்துத் தேடியதில் அகப்பட்டது. "பிள்ளை, புல்லைத் தவிர இதில ஒண்டுமில்லையே" என்றார் அண்ணை. அம்மையார் அதை ஒளிமேசையில் வைத்து, உருப்பெருக்கியை அவரிடம் நீட்டி, பென்சில் முனையால் ஓரிடத்தைக் காட்டினார். அலகை வானத்துக்குத் தூக்கியபடி, நாணலோடு நாணலாக ஒரு குருகு நின்றது.

அண்ணை உருப்பெருக்கியில் கண்ணை வைத்தபடியே சொன்னார்.

"ஆமி வந்த அண்டைக்கு நானும் இப்பிடித்தான் நாணலுக்குள்ள மூச்சுக் காட்டாமல் நிண்டனான். என்னை ஒருத்தரும் காணேல்லை. இதை நான் காணேல்லை."

அதை நான் அம்மையாருக்கு ஜெர்மன் மொழியில் சொன்னேன். அம்மையார் முதலாளியிடம் போகவில்லை. அந்தப் படத்துக்கு ஒரு நகல் எடுப்பித்து அண்ணையிடம் கொடுத்தார். பிறகு அண்ணை கனடாவுக்குப் போகும்போது அதை என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

இப்போது எல்லாரும் கைபேசியில் எடுத்து, பிடிக்காததை அந்த நிமிடமே அழித்துவிடுகிறோம். இன்று காலையும் சிலைட்டை யன்னலில் பிடித்தேன். முதலில் புல். பிறகுதான் கண். அது நேரே என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.