சாக்பீஸ் வரப்பு

பக்கவாதத்தில் விழுந்து எழுந்த பிறகு, தஞ்சாவூரில் என்னை நடக்கப் பழக்கிய பிசியோதெரபிஸ்ட் பெண்ணிடம் தினமும் எரிந்து விழுந்தேன்.

"கால் விரலை மடக்காம நடங்க ஐயா" என்றாள்.

"ஆயுசுக்கும் வரப்புல விரலை ஊனி நடந்த காலும்மா இது! எனக்கு நடக்கச் சொல்லித் தர்றியா?" என்று கத்தினேன்.

அவள் சாக்பீஸால் தரையில் இரண்டு கோடுகள் கிழித்தாள். "இதுதான் வரப்பு. ரெண்டு பக்கமும் நட்ட வயல். நடங்க."

நான்காவது அடியிலேயே இடதுகால் கோட்டுக்கு வெளியே போய் விழுந்தது. நட்ட வயலை மிதித்த ஒருத்தரையும் நான் சும்மா விட்டதில்லை. "எருமை! கண்ணு தெரியல?" என்று என் காலைப் பார்த்தே கத்தினேன்.

"திட்டி முடிச்சிட்டீங்களா?" என்றாள் அவள். "காலை எடுங்க. பயிர் நசுங்குது."