ஆனேக்கல் பஸ்ஸில் பிறந்த டிராகன்

என் டிராகன் பிறந்தது பெங்களூர் சில்க் போர்டு சிக்னலில். ஆனேக்கல் பஸ், இடதுபக்கம் மூன்றாவது சீட். ஜன்னலோரம் இல்லை, அதற்குப் பக்கத்தில். ஜன்னலோரத்தில் என் நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். அவள் எப்போதும் அங்கேதான் உட்காருவாள். அடுகோடி ஸ்டாப்பில் பஸ் முழுசாக நிற்பதற்குள் ஏறி இடம்பிடிக்கிற சாமர்த்தியம் அவளுக்கு உண்டு. எனக்கோ புடவையையும் டிபன் பையையும் பிடிக்கவே இரண்டு கை போதாது.

நாத்தனார் என்றால் என் வீட்டுக்காரரின் தங்கை. எங்களோடுதான் இருக்கிறாள். இருவருக்கும் எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை, கம்பெனி வேறு வேறு. அவள் சாஃப்ட்வேரில் தப்பு கண்டுபிடிக்கிறாள். நான் ஏ.சி. ரிப்பேர் கம்பெனியில் போனில் புகார் கேட்கிறேன். காலையிலிருந்து சாயங்காலம்வரை தமிழிலும் கன்னடத்திலும் இந்தியிலும் திட்டு வாங்கி, மூன்றிலும் “சாரி சார்” சொல்லவேண்டும். எனக்கு ஏற்கெனவே மூக்குக்கு மேலே கோபம் வரும். அங்கே அடக்கிய கோபமெல்லாம் வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரர் தலையில்தான் இறங்கும்.

“எங்கண்ணன் பாவம் அண்ணி. இதுல யாரையாவது அடிங்க” என்று ஒருநாள் தன் பழைய கேம் மெஷினை என் மடியில் போட்டாள். அன்றைக்குப் பிடித்தது சனி.

விளையாட்டு சுலபம். விதவிதமான ஜந்துக்களை வளர்த்து, இன்னொருவருடைய ஜந்துக்களோடு மோதவிட வேண்டும். மாற்றி மாற்றி ஆளுக்கொரு அடி. எதற்கு வேகம் அதிகமோ அது முதலில் அடிக்கும். முதல் அடியிலேயே எதிராளி விழுந்துவிட்டால் திருப்பி அடிக்க ஆளே இருக்காது. அதனால் வேகம்தான் எல்லாம் என்பாள் நாத்தனார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஈஜிபுராவில் ஒரு பேக்கரி மாடியில் இதற்கென்றே கூடுகிற கும்பலில் அவளுக்கு ஏக மரியாதை.

போட்டிக்கு விடுகிற ஜந்துவை முட்டையிலிருந்து வளர்க்கவேண்டும். முட்டையைச் சுமந்துகொண்டு விளையாட்டுக்குள்ளேயே நடையாய் நடந்தால்தான் அது பொரியும். மற்றதெல்லாம் பரவாயில்லை, டிராகன் முட்டை பொரிவதற்குள் தாவு தீர்ந்துவிடும். ஆனால் எங்களுக்குத்தான் ஓசூர் ரோடு இருக்கிறதே! பஸ்ஸே “சே, என்ன டிராஃபிக்” என்று அலுத்துக்கொள்ளும்போது நான் மட்டும், ‘மாதாவே, இன்னும் ரெண்டு சிக்னல் நிக்கட்டும்’ என்று வேண்டிக்கொள்வேன். மாதாவும் ஒருநாள்கூடக் கைவிட்டதில்லை.

அதில் ஒரு கூத்து நடந்தது. குஞ்சுக்குக் குணம் யாரிடமிருந்து வரவேண்டுமோ, அப்பா அம்மாவில் அவர் கையில் ஒரு கல்லைக் கொடுத்துவைக்க வேண்டும். என் அப்பா டிராகன் துறுதுறுவென்று இருக்கும். அம்மா டிராகன் மகா மந்தம். நான் கல்லை அம்மா கையில் கொடுத்துவிட்டேன். ஏன் கொடுத்தாய் என்றால் என்ன சொல்ல? எந்தச் சாமானாக இருந்தாலும் வீட்டுப் பொம்பளை கையில் கொடுத்தால்தான் பத்திரமாக இருக்கும் என்று நினைத்துவிட்டேன். எங்கள் வீட்டில் சாவியிலிருந்து கேஸ் புத்தகம்வரை அப்படித்தான். விளைவு, மூன்று வாரம் பஸ்ஸில் பொரித்ததெல்லாம் அம்மாவைப் போலவே அசமஞ்சம்.

அப்படி ஒரு காலையில்தான் அது வந்தது. மற்றதெல்லாம் ஆரஞ்சு நிறம். இது மட்டும் வாழைப்பூ நிறம்! ஆயிரத்தில் ஒன்று அப்படி வேறு நிறத்தில் பிறக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். நான் போட்ட கத்தலில் முன்சீட்டுக் குழந்தை விழித்துக்கொண்டு அழுதது. பர்ஸ் ஏதும் போய்விட்டதோ என்று கண்டக்டர் ஓடிவந்தார்.

“ஏனாய்த்தம்மா? பர்ஸ் ஹோய்த்தா?”

“இல்ல சார், டிராகன் ஹுட்டிதே!” என்றேன், பிறந்திருக்கிறது என்று அவர் பாஷையிலேயே.

அவர் மெஷினை எட்டிப் பார்த்தார். “அதுக்கு டிக்கெட் பேடம்மா, வேண்டாம்” என்று சொல்லிவிட்டு முன்னால் நகர்ந்தார்.

நாத்தனார் முகத்தைப் பார்க்கவேண்டுமே. “அய்யோ அண்ணி! நாலு வருஷமா பொரிக்கிறேன், எனக்கு ஒண்ணுகூட இப்படி வரலியே!” என்று என் கையிலிருந்து பிடுங்கி, அதன் குணப் பக்கத்தைத் திறந்தாள். உடனே உச்சுக் கொட்டினாள். “மந்தம் அண்ணி. கல்லை யார்கிட்ட குடுத்தீங்க?”

விஷயம் தெரிந்ததும் அன்று ராத்திரிச் சாப்பாடு முழுக்க அண்ணனும் தங்கையும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர்தான் அதற்குச் சாம்பிராணி என்று பேர் வைத்தார். நானும் வீம்புக்கு அதையே மெஷினில் அடித்து நிரந்தரமாக்கிவிட்டேன்.

நாத்தனாரைச் சும்மா சொல்லக்கூடாது, நல்ல மனசுக்காரி. மந்தத்தைச் சுறுசுறுப்பாக மாற்றுகிற இலை ஒன்று விளையாட்டில் உண்டு, லேசில் கிடைக்காது. தன்னிடம் இருந்த ஒன்றை எனக்கு அனுப்பினாள். “இதை ஊட்டிவிடுங்க அண்ணி, சரியாயிடும்” என்றாள். சரி சரி என்று தலையாட்டினேன். உள்ளே எரிந்தது. பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் என் பிள்ளைக்கு மருந்தா? இலையைப் பையில் போட்டு மூடிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்து வந்து மட்டன் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நாத்தனார் எலும்பை உறிஞ்சிக்கொண்டே, “இலை குடுத்தாலும் அண்ணி கையில அது சண்டை போடாதுண்ணே. ஷோகேஸ்ல வெக்கத்தான் லாயக்கு. என்கிட்டயாச்சும் குடுத்தா பத்திரமா வெச்சிருப்பேன்” என்றாள்.

எனக்கு வந்ததே கோபம்! “ஏண்டி, யாரு லாயக்கில்ல? வர்ற ஞாயித்துக்கெழமை ஈஜிபுராவுல எல்லார் முன்னாடியும் மோதிப் பாத்துடலாம். நான் தோத்தா சாம்பிராணியை அங்கேயே உன் மெஷினுக்கு மாத்திவிட்டுடறேன்!”

“நெஜமாவா? ஜெயிச்சீங்கன்னா?”

யோசிக்கவே இல்லை. “ஜன்னல் சீட்டு. ஆயுசுக்கும்.”

“ரெண்டு பேருக்கும் கிறுக்குப் புடிச்சிருக்கு” என்றார் என் வீட்டுக்காரர், இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றிக்கொண்டு.

கை கழுவும்போதுதான் என்ன சொல்லிவிட்டேன் என்று உறைத்தது. வாய்க்கொழுப்பு சீலையால் வடிகிறது என்பது இதுதான். அந்த வாரம் முழுக்கக் காலையும் மாலையும் பஸ்ஸில் உட்கார்ந்து, நெட் வழியாக முன்பின் தெரியாதவர்களோடு மோதிப் பழகினேன். சாம்பிராணி அடி வாங்கிக்கொண்டேயிருந்தது. அது ரெக்கையை விரித்து வாயைத் திறப்பதற்குள் எவனாவது பனிக்கட்டியை வீசிவிடுவான். டிராகனுக்குப் பனி ஆகாது, ஒரே அடியில் படுத்துவிடும். கொடுத்த வாக்கை நினைத்தால் சோறு இறங்கவில்லை. திங்கள்கிழமை மெஷினைத் திறந்து அது இல்லாமல் இருந்தால் எப்படியிருக்கும் என்று யோசித்து, ஏ.சி. புகாரை எழுதுகிற இடத்தில் சாம்பிராணி என்று அடித்துவைத்தேன்.

போட்டியன்று காலை இலையை வெளியே எடுத்தேன். ‘கொடுக்கலாமா? ஆம், இல்லை’ என்று திரை கேட்டது.

“குடுத்துத் தொலை. தோத்துட்டு வந்து என்மேல பாயாதே” என்றார் வீட்டுக்காரர், சட்டையை அயர்ன் பண்ணிக்கொண்டே.

விரல் ‘ஆம்’ பக்கம் போய்விட்டது. அந்த வெள்ளிக்கிழமைதான் போனில் ஒருவர், “ஏம்மா நீ இவ்ளோ ஸ்லோவா இருக்கே, உன்ன எவன் வேலைக்கு வெச்சான்?” என்று கேட்டிருந்தார். அதற்கும் சாரி சார் சொல்லியிருந்தேன். திரையில் சாம்பிராணி கண்ணை மூடி மூடித் திறந்தது. இதுவும் யாரிடமாவது சாரி சொல்லவேண்டுமா என்ன? பிறந்தபடியே இருந்துவிட்டுப் போகட்டும். தோற்றாலும் அதுவாகவே தோற்கட்டும் என்று ‘இல்லை’யை அழுத்தினேன். அழுத்தியதும், ‘அடிப் பாவி, கெடுத்தியே’ என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

பேக்கரி மாடியில் பன் வாசனையும் வேர்வை வாசனையும் சரிபாதி. பேக்கரிக்காரர்தான் அங்கே நடுவர். கல்லாவைத் தம்பியிடம் விட்டுவிட்டு மாவுக்கையோடு மேலே வந்து எங்கள் ஆட்டத்தைச் சுவர் டி.வி.யில் தெரியும்படி மாட்டினார். நாத்தனாருக்கும் அண்ணிக்கும் பந்தயம் என்று எப்படியோ பரவியிருந்தது. சுற்றி நின்றவர்கள் டீ கிளாஸோடு நெருக்கியடித்தார்கள்.

“ஸ்டார்ட் மாடி மேடம்!” என்று ஆரம்பிக்கச் சொன்னார் பேக்கரிக்காரர்.

ஆளுக்கு மூன்று ஜந்துக்கள். என் முதலாவது, ஒரு தவளை, வந்த வேகத்தில் போய்ச் சேர்ந்தது. இரண்டாவதாக வந்த காண்டாமிருகம் மானத்தைக் காப்பாற்றியது. அவளுடைய நரியைச் சாய்த்து, அடுத்து வந்த மந்திர ஆந்தைக்கும் முக்கால் உயிரைக் குறைத்துவிட்டுத்தான் விழுந்தது. இப்போது என்னிடம் சாம்பிராணி மட்டும். அவளிடம் சாகக் கிடக்கிற ஆந்தையும் இன்னும் வெளியே வராத ஒன்றும்.

வாழைப்பூ நிறத்தில் சாம்பிராணி டி.வி.யில் இறங்கியதும் மாடியே “ஓ!” என்றது. எனக்குப் பெற்ற வயிறு குளிர்ந்தது. நாத்தனார் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். பிறகு ஆந்தையை வைத்துத் தன் பெரிய வித்தையைச் செய்தாள். வரிசையைத் தலைகீழாக்குகிற வித்தை. இனி ஐந்து சுற்றுக்கு, மெதுவானது எதுவோ அதுதான் முதலில் அடிக்கும். அந்தச் சுற்றிலேயே சாம்பிராணி தன் முறைக்கு நெருப்பைக் கக்கி ஆந்தையை முடித்தது. பரவாயில்லை என்று தோளைக் குலுக்கிவிட்டுக் கடைசி ஜந்துவை இறக்கினாள்.

பனிக்கரடி.

மாடி முழுக்க “அய்யோ”, “ஹோய்த்து”, “கயா” என்று ஆளுக்கொரு பாஷையில் உச்சுக்கொட்டல். அவர்கள் கணக்கு சரிதான். கரடிக்குக் கையெல்லாம் பனி. சாதாரண டிராகன் என்றால் கரடியைவிட வேகம், முதலில் அடித்துத் தப்பித்திருக்கும். வரிசை தலைகீழான பிறகு மெதுவான கரடிதான் முந்தும். ஒரே குத்து, சாம்பிராணி காலி. பிறகு என் கண்ணெதிரிலேயே அது அவள் மெஷினுக்குப் போய்விடும்.

“சாரி அண்ணி. நல்லாப் பாத்துக்கறேன், சத்தியமா” என்றாள். கிண்டல் இல்லை, மனசாரத்தான் சொன்னாள். அது இன்னும் வயிற்றெரிச்சலாக இருந்தது.

எனக்குக் கணக்கெல்லாம் ஓடவில்லை. கண் மங்கியது. இருப்பதிலேயே பெரிய அடியாகப் பார்த்து அழுத்திவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, ‘அருள் நிறைந்த மரியே’ என்று ஆரம்பித்தேன். பாதி ஜெபத்தில் மாடி அதிர்ந்தது.

கண்ணைத் திறந்தால், சாம்பிராணி ஆகாயத்தில் நிற்கிறது! கரடி கையை ஓங்கவே இல்லை. சாம்பிராணி ஆற அமர ரெக்கையை விரித்து, சாவகாசமாக வாயைத் திறந்து, கரடியின் தலையில் மொத்த நெருப்பையும் கொட்டியது. கரடி தொப்பென்று விழுந்தது. என் பேருக்குக் கீழே வெற்றி என்று வந்தது.

“சக்கத் மேடம்! பிரமாதம்!” என்று பேக்கரிக்காரர் குதித்ததில் அவர் கை மாவெல்லாம் என் புடவையில். நான் நாற்காலிமேல் ஏறிவிட்டேன். எப்படி ஏறினேன் என்று இன்றுவரை தெரியாது.

நாத்தனார் டி.வி.யையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். “எப்படி? அது எப்படி முந்துச்சு? கரடியவிட அது வேகமாச்சே…” சட்டென்று நிறுத்தினாள். “அண்ணி. நான் குடுத்த இலை?”

“பையில இருக்கு.”

“ஊட்டலியா?”

“ஊட்டல.”

“அப்ப இன்னும் மந்தமாவா இருக்கு? கரடியவிடவா?” தலையில் கை வைத்துக்கொண்டாள். “சுறுசுறுப்பாயிடுச்சுன்னு நெனச்சு வரிசைய நானே மாத்திட்டேனே! சும்மா விட்டிருந்தாலே கரடி முதல்ல அடிச்சிருக்குமே!” அப்படியே தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். விக்கல் வரும்வரை சிரித்தாள். நானும் நாற்காலியிலிருந்து இறங்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவளைக் கட்டிக்கொண்டு சிரித்தேன், கொஞ்சம் அழவும் செய்தேன். பேக்கரிக்காரர் இரண்டு பேருக்கும் தேங்காய் பன் கொடுத்தார்.

திங்கள்கிழமை அடுகோடியில் வழக்கம்போல் அவள்தான் முதலில் பாய்ந்து ஏறினாள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு போனால், ஜன்னல் சீட்டில் கைக்குட்டையைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றாள்.

“வாங்க அண்ணி. உங்க சீட்டு.”

உட்கார்ந்தேன். ஜன்னல் சாத்தவே முடியவில்லை, வெயில் நேரே கண்ணில் அடித்தது, லாரிப் புகை முகத்தில். இதற்கா இத்தனை பாடு என்று தோன்றியது. இருந்தாலும் விட்டுக்கொடுப்பேனா? நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்து தன் மெஷினைத் திறந்தாள். எட்டிப் பார்த்தேன். டிராகன் ஜோடி ஒன்று. கல் அம்மா கையில்.

“என்னடி இது?”

“ஒண்ணும் கேக்காதீங்க” என்றாள் தலையை நிமிர்த்தாமல். “எனக்கும் ஒரு மந்தம் வேணும். கலர் எதுவா இருந்தாலும் பரவால்ல.”

மெஷினுக்குள் முட்டையோடு சுற்றிச் சுற்றி நடந்தாள். பொரிய இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. அன்றைக்குப் பார்த்து சில்க் போர்டில் பச்சை விளக்கு. முன்னால் ஒரு ஆட்டோகூட இல்லை. டிரைவர் உற்சாகமாக மிதித்தார். பஸ் பறந்தது. எல்லாரும் சந்தோஷமாகக் கைப்பேசியில் மணி பார்த்துக்கொண்டார்கள். வேகம்தான் எல்லாம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் சீட்டைவிட்டு எழுந்து நின்று, டிரைவரைப் பார்த்துக் கத்தினாள்.

“சார்! நிதானா ஹோகி சார்! ப்ளீஸ், கொஞ்சம் மெதுவாப் போங்க!”