என் காலுக்கு இரண்டு சாட்சிகள்

கலியாணமாகி ஐந்தாம் மாதம் என் மனைவி தலையணையை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள். நித்திரையில் நான் உதைக்கிறேனாம். அப்போது தலைமன்னார் பியரில் சுங்கக் கந்தோரில் வேலை. சாட்சியில்லாத முறைப்பாட்டை நான் ஏற்பதில்லை. கண்டது யார் என்று கேட்டேன். தான்தான் என்றாள். முறைப்பாட்டுக்காரரே சாட்சியாக முடியாது என்று பொறுமையாக விளக்கினேன். தலையணை மட்டும் திரும்பி வரவில்லை.

இந்தியாவிலிருந்து கப்பல் வரும் நாட்களில் எனக்குத் தலை நிமிர நேரமிராது. அந்த நாட்களாகப் பார்த்து அவள் டிஸ்பென்சரிக்குப் போய்வருவதை, எங்களுக்குப் புடவை கொண்டுவரும் உப்புக்குளத்து வியாபாரி சொல்லித்தான் அறிந்தேன். "வீட்டில விசேஷமோ, ஐயா?" என்று நல்ல மனதோடு கேட்டார். அப்படி ஒரு விசேஷத்துக்கும் இடமில்லை என்பது எனக்கல்லவா தெரியும்.

டிஸ்பென்சரியில் வைத்தியம் பார்த்த அப்போதிக்கரி கலியாணமாகாதவர். மணலில் நடந்தாலும் சப்பாத்துப் பளபளக்கும். என் சப்பாத்து உப்புக்காற்றில் ஒரு கிழமையில் வெளிறிப்போகும். அவர் மேல் எனக்கு வெறுப்பு வர அதுவே போதும்.

நோயாளர் பெயர் பதியும் இடாப்பைக் கேட்பவருக்குக் காட்டவேண்டும் என்று ஒரு விதி இருப்பதாக அங்கே மருந்து கட்டுபவரிடம் சொன்னேன். அப்படி விதி கிடையாது. நான் சொன்ன விதத்தில் அது உண்டாகிவிட்டது. இடாப்பில் என் மனைவியின் பெயர் நான்கு தடவை இருந்தது: மூன்று, தலையணை போகுமுன்; நான்காவது, ஆறாத காயத்துக்காக. முழங்காலுக்குக் கீழே கண்டல் காயம், பூச்சு எண்ணெய் கொடுக்கப்பட்டது. காரணம் என்ற கட்டம் நான்கு தடவையும் வெறுமை.

வெறுமையான கட்டத்தை நான் சும்மா விட்டவனல்ல. முந்நூறு யார் தூரம் தள்ளியிருந்த அந்த மனிதருக்கு, துரைமாருக்கு எழுதும் அதே இங்கிலீஷில் கடிதம் எழுதினேன்: மேற்படி நோயாளியின் கணவன் என்ற முறையில் கேட்கிறேன், காரணத்தை ஏழு நாட்களுக்குள் அறியத்தரவும். மறுநாளே பதில் வந்தது, அதுவும் பிழையில்லாத இங்கிலீஷில்: காரணம் தாங்களே. ஞாயிறு மதியம் சாப்பிட்ட கையோடு நேரில் வரவும்.

பூசையும் சாப்பாடும் முடிந்து இருவரும் போனோம். நோயாளர் கட்டிலில் படுக்கச் சொன்னார். வெயில், வயிறு நிறைந்த சோறு; தூங்கிவிட்டேன்.

என்னை எழுப்பியது அவளுடைய சிரிப்பு. அப்படி அவள் சிரித்து நான் வீட்டில் கேட்டதில்லை. என் காலடியில் இருவரும் இரண்டு கதிரைகளில் இருந்தார்கள். அவர் கையில் மணிக்கூடு.

முதலில் பெருவிரல் நிமிர்கிறது, பிறகு கணுக்கால் மடங்குகிறது, பிறகு முழங்கால் வெட்டி இழுக்கிறது என்றார் அவர். அரை நிமிஷம் அமைதி. மீண்டும் அதே வரிசை. சிலருக்கு இப்படி இருக்கும், வேண்டுமென்று செய்வதல்ல, தூங்குகிறவனுக்குத் தெரியவே தெரியாது, பக்கத்தில் படுப்பவருக்குத்தான் தெரியும். அதன் பெயர் அவருக்கும் தெரியவில்லை. பின்னேரக் கோப்பியைக் குறைத்து, கட்டிலை இரண்டாக்கச் சொன்னார்.

பிறகு குரலைத் தாழ்த்தினார். "நீங்கள் அடிக்கிறியள் எண்டுதான் முதல் நினைச்சனான். அப்பிடி எழுதவேண்டாம், அவர் அப்பிடியான ஆளில்லை, நித்திரையிலதான் எண்டு இவ ஒரே பிடியா நிண்டவ. அதுதான் கட்டத்தை விட்டனான்."

எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கம் வந்ததும் பொறாமை எழுந்து இடம் கொடுத்துவிடுவதில்லை. என் காலின் அந்தக் கூத்தை நான் ஒருநாளும் காணமுடியாது. அவர்கள் இருவரும் கண்டுவிட்டார்கள், அதுவும் சேர்ந்திருந்து.

வீட்டுக்கு வரும் வழியில், "என்னத்துக்குச் சிரிச்சனீர்?" என்று கேட்டேன்.

"ஐயா நித்திரையிலயும் முத்திரை குத்துறார் எண்டு அப்போதிக்கரி சொன்னவர்," என்றாள். சொல்லும்போதே மறுபடி சிரிப்பு வந்துவிட்டது.

நல்ல பகிடி. என்னால் பொறுக்க முடியாதது அதுதான்.

தச்சன் இரண்டாவது கட்டிலைக் கொண்டுவந்த அன்றே தலையணை எங்கள் அறைக்குத் திரும்பியது. ஒரு முழ இடைவெளி விட்டோம். என் காலைப் பற்றி அதைவிட நல்ல பகிடி ஒன்றைத் தேடி ஒரு கிழமை யோசித்தேன். ஒருநாள் சாப்பிடும்போது சொன்னேன். மனைவி சோற்றைப் பிசைவதை நிறுத்தி, மரியாதைக்குச் சிரித்தாள்.