தைக்கு ஒன்று, ஐப்பசிக்கு ஒன்று

மதியச் சாப்பாட்டு மணி அடித்த நேரத்தில், பெரும்பாறைப் பக்கமிருந்து வரும் பஸ்ஸின் கண்டக்டர் பள்ளி வாசலில் என்னை விசாரித்து, ஒரு தைலப் பெட்டியைக் கொடுத்துவிட்டு, "நாலு மணிக்குத் திரும்பிருவோம்ங்க, அதுக்குள்ள முடிஞ்சா கொடுத்துவிடுங்க" என்று சொல்லிப் போனார். கொடைக்கானலுக்கு வருகிற எல்லோரும் ஆளுக்கு இரண்டாக வாங்கிப் போகிற யூகலிப்டஸ் தைலத்தின் அட்டைப்பெட்டி அது. மேலே ரப்பர் பேண்டு இரண்டு சுற்று. குலுக்கிப் பார்த்தேன். சீசாவின் சத்தம் இல்லை. ஏதோ சன்னமாக ஆடியது. திறக்காமலே தெரிந்துவிட்டது; ரப்பர் பேண்டைக் கழற்றித் திறந்தேன். உள்ளே விரல் நீளத்துக்கு ஓர் எலும்புப் பட்டை. கிட்டாரின் வயிற்றுப் பக்கம் ஆறு கம்பிகளும் ஏறி உட்கார்ந்திருக்கிற துண்டு அது, சேடில் என்பார்கள். அதன் பக்கவாட்டில் நான் பென்சிலால் எழுதிய 'தை' பாதி அழிந்து போயிருந்தது. மேல் விளிம்பில் கம்பிகள் அறுத்த ஆறு பள்ளங்கள். அனுப்பியவர் ஜீப் அண்ணன்.

ஆறு வருடங்களுக்கு முன் நான் இந்த ஊருக்கு வந்தது கிட்டாருக்காக அல்ல, ஒரு பள்ளியில் ஆய்வக உதவியாளர் வேலைக்காக. குடுவை கழுவுவது, அமிலப் புட்டிகளைப் பூட்டி வைப்பது, காலையில் ஈரமானியின் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி அன்றைய ஈரப்பதத்தைப் பலகையில் எழுதுவது. அதற்கு முன் திண்டுக்கல்லில் ஓர் இசைக்கருவிக் கடையின் பின்கட்டில் நான்கு வருடம் கிட்டார் பழுது பார்த்திருந்தேன். அந்த வேலையை விட்டபோது அரம், உளி, இடுக்கி எல்லாவற்றையும் ஒரு டிபன் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தேன். இங்கே வந்த முதல் வாரத்திலேயே பார்த்தேன். ஜெபவீட்டில் கிட்டார், பள்ளியில் கிட்டார், ஹோட்டல் வரவேற்பறைச் சுவரில் கிட்டார், சுற்றுலா வந்தவர்கள் மறந்துவிட்டுப் போன கிட்டார். பழுது பார்க்கத்தான் ஆளில்லை; மதுரைக்குக் கொண்டுபோக வேண்டும். எனக்குக் கை ஊறியது. அட்டையில், 'கிட்டார் ரிப்பேர், மாலை 4 முதல் 7, சனி முழு நாள்' என்று எழுதி, மூஞ்சிக்கல்லில் நான் குடியிருந்த வாடகை வீட்டின் கம்பிக்கேட்டில் கட்டினேன். பத்து நாள் அதை மாடுகள் மட்டும் படித்துவிட்டுப் போயின.

பதினோராம் நாள் ஒரு ஜீப் நின்றது. இறங்கிய ஜீப் அண்ணனுக்கு என்னைவிட நான்கைந்து வயது கூட இருக்கும். மஃப்ளரைக் காதோடு சுற்றியிருந்தார். அட்டையை இரண்டு முறை படித்துவிட்டு, "இதுக்குன்னு தனியா ஒரு ஆஸ்பத்திரி இருக்கா டீச்சர்?" என்றார். நான் டீச்சர் இல்லை, ஆய்வக உதவியாளர் என்றேன். "பள்ளிக்கூடத்துக்குள்ள இருந்தா டீச்சர்தாங்க" என்று முடித்துவிட்டார். கடைசிவரை அதை மாற்ற முடியவில்லை. பகலில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு பாறை, அருவி என்று சுற்றுவார். வாரக் கடைசி மாலைகளில் ஒரு ஹோட்டல் புல்வெளியில் நெருப்பு மூட்டி விருந்தினர்கள் உட்கார்ந்திருக்க, கிட்டார் வாசித்துப் பழைய பாட்டுகள் பாடுவார். அவருடைய அம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, சிறுமியாக இங்கே வந்து சேர்ந்தவர். அங்கே விடிகாலையில் தொழிலாளர்களை வரிசையில் நிறுத்தி ஆள் எடுப்பதற்குப் பெரட்டு என்று பெயராம். அந்தச் சொல்லை அம்மாவிடமிருந்து எடுத்துக்கொண்டு, ஹோட்டலுக்குக் கிளம்பும்போதெல்லாம், "பெரட்டுக்கு நேரமாச்சுங்க" என்பார். ஜீப் ஓட்டப் போகும்போது அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. அது வயிற்றுப்பாடு. பெரட்டு என்றால் பாட்டு.

அது ஐப்பசி மாதம். மழையும் மூடுபனியுமாக ஊர் கண்ணுக்கே தெரியாத நாட்கள். அவருடைய கிட்டாரில் கம்பிகள் உயர்ந்து நின்றன. அழுத்தினால் விரல் நுனி வலித்தது. இதில் என்ன இருக்கிறது என்று சேடிலைக் கழற்றி, அடியில் அரத்தால் தேய்த்து, உயரத்தைக் குறைத்துப் பூட்டினேன். வெண்ணெய் மாதிரி ஆகிவிட்டது. அவர் வாசித்துப் பார்த்துவிட்டு, என்னவோ நான் கிட்டாரையே கண்டுபிடித்தவள்போல ஊரெல்லாம் சொல்லிவிட்டார். பூண்டியிலிருந்து ஜெபவீட்டுக் கிட்டார் வந்தது, கவுஞ்சியிலிருந்து ஒரு வாத்தியாருடையது வந்தது, பள்ளியிலிருந்தே மூன்று வந்தன. எல்லாவற்றுக்கும் ஒரே நோய், ஒரே மருந்து. தேய்த்தேன். அதே வேகத்தில், மூட முடியாமல் மக்கர் செய்த என் வாசல் கதவையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இழைத்துத் தள்ளினேன். அதுவும் வெண்ணெய் மாதிரி ஆகிவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அட்டையை எடுத்துவிட்டுத் தகரத்தில் பெயர்ப்பலகை எழுதி மாட்டினேன்.

மார்கழி முடிகிற சமயம் மழை விட்டு, கண்ணாடி மாதிரி வெயிலும் வறண்ட குளிரும் வந்தன. பொங்கலுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே ஜீப் அண்ணன் வந்தார். கிட்டாரை மேசைமேல் வைத்து, "கரகரங்குதுங்க டீச்சர்" என்றார். அதற்குமேல் எப்போதும் இருக்கிற கேலி எதுவும் வரவில்லை. டீ போட்டுக் கொடுத்தேன். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். முந்தின நாள் சாயந்தரம் ஹோட்டல் நிறைய ஆட்கள். முதல் பாட்டிலேயே கம்பிகள் கரகரவென்று இரைந்தன. அழுத்திப் பிடித்தார், விட்டுப் பிடித்தார், நிற்கவில்லை. யாரோ சிரித்தார்கள். மூன்றாவது பாட்டுப் பாடும்போது மானேஜர் வந்து அவர் தோளில் கை வைத்து, முகத்துக்குப் பக்கத்தில் மோந்து பார்த்திருக்கிறார்.

"நான் குடிய விட்டு நாலு வருசம் ஆச்சுங்க. அவருக்கும் தெரியும். இருந்தாலும் மோந்து பார்த்தாரு. ஸ்பீக்கரப் போட்டுட்டாங்க. இனிமே பெரட்டு இல்லைங்க."

பிறகு விரல்களை விரித்து என் முன்னால் நீட்டினார். "அந்தக் காலத்துல குடிச்ச குடிக்கு இப்பக் கை நடுங்குதோ என்னவோ. பாருங்க டீச்சர், நடுங்குதா?"

நடுங்கவில்லை. ஆனால் அதைச் சொல்வதற்கு முன் அவர் திடீரென்று காலை இழுத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். வாசல் கதவுக்குக் கீழே கை நுழைகிற சந்து. அதில் நான் செய்தித்தாளைச் சுருட்டி அடைத்திருந்தேன். அப்படியும் காற்று குத்தியது. அத்தனை வருத்தத்திலும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"யாருங்க இந்தக் கதவ எழைச்சது?"

"நான்தாண்ணே."

"எப்ப?"

"ஐப்பசியில."

"மழையில எழைச்சீங்களா? நல்ல ஆளுங்க நீங்க. மழையில ஊதி நிக்கும், தையில தானா வத்திரும். இங்க ஒருத்தரும் மழையில கதவத் தொடமாட்டாங்க."

நான் கதவைப் பார்த்தேன். பிறகு மேசைமேல் இருந்த கிட்டாரைப் பார்த்தேன். மழையில் மரம் ஈரம் குடித்து உப்பி, கம்பிகளைத் தூக்கியிருக்கிறது. நான் அதைக் கோளாறு என்று நினைத்து எலும்பைத் தேய்த்திருக்கிறேன். இப்போது மரம் வற்றி இறங்கியதும் கம்பிகள் கழுத்துப் பக்கத்து உலோகத் தகடுகளில் உரசுகின்றன. திண்டுக்கல்லில் வருடம் முழுக்க ஒரே வெயிலும் வறட்சியும்தான். அங்கே தேய்த்தது தேய்த்தபடி நிற்கும். பள்ளியில் தினமும் காலையில் ஈரப்பதத்தைப் பலகையில் எழுதியவள் நான். ஐப்பசியில் ஒரு எண், தையில் ஒரு எண். அழகான கையெழுத்தில் எழுதிவிட்டு, வீட்டுக்கு வந்து மரத்தின்மேல் அரம் போட்டிருக்கிறேன்.

இப்போது ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்த இடத்தில் ஒரு நிமிடம் நான் வாயைத் திறக்கவில்லை. அவர் தன் கைமேல்தான் பழியைப் போட்டுக்கொண்டிருந்தார். நான் சத்தமில்லாமல் வேறொரு எலும்பு வைத்துக் கொடுத்தால் கை சரியாகிவிட்டது என்று நினைத்துப் போய்விடுவார். புது ஊர், புதுப் பலகை, மூன்று மாதப் பெயர். மற்ற ஐந்து கிட்டார்களும் இதே வாரம் வரப்போகின்றன என்பதும் தெரிந்தது. மேசை டிராயரில், திண்டுக்கல்லுக்கே திரும்பிவிடலாமென்று அங்குள்ள ஒரு பள்ளிக்கு எழுதி, அனுப்பாமல் வைத்திருந்த விண்ணப்பம் ஒன்று இருந்தது. அதுவும் ஞாபகத்துக்கு வந்தது. அவர் இன்னும் விரலை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"உங்க கையில ஒண்ணும் இல்லண்ணே. தப்பு என் கையில நடந்தது" என்றேன். கதவைக் காட்டிச் சொன்னேன், கிட்டாரைக் காட்டிச் சொன்னேன். சொல்லும்போது அழுதுவிட்டேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கையை மடக்கி, மறுபடி விரித்து, "அப்ப கை நல்லாத்தான் இருக்கா?" என்று மட்டும் கேட்டார். இரண்டு தடவை கேட்டார்.

அன்று மத்தியானத்துக்குள் உயரமான சேடில் ஒன்று செய்து பூட்டினேன். கரகரப்பு போய்விட்டது. பழைய குட்டையான துண்டைத் தூக்கி எறியப் போனவளை அவர்தான் தடுத்தார். மழை வந்தால் மறுபடி கம்பி ஏறுமே, அப்போது இதைப் போட்டுக்கொள்ளலாமே என்றார். சரிதான். குட்டையானதில் 'ஐப்பசி', உயரமானதில் 'தை' என்று எழுதினேன். கம்பியைத் தளர்த்தினால் யார் வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். போட்டு வைக்கப் பெட்டி தேடியபோது ஜன்னலில் தைல அட்டைப்பெட்டி ஒன்று கிடந்தது.

பிறகு, "கிளம்புங்கண்ணே, ஹோட்டலுக்குப் போவோம்" என்றேன். அவருக்கு இஷ்டமில்லை. நான் ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். மானேஜர் சின்ன வயசு, டை கட்டியிருந்தார். "கெஸ்ட் கம்ப்ளெயின்ட் மேடம், நான் என்ன பண்றது" என்றார். நான் பெட்டியைத் திறந்து குட்டைத் துண்டை மேசைமேல் வைத்து, "இத அதிகமாத் தேய்ச்சது நான். இவரு குடிக்கல, கை நடுங்கல. நான் பண்ணுன தப்புக்கு நீங்க இவர மோந்து பார்த்தீங்க" என்றேன். குரல் கொஞ்சம் கூடிவிட்டது. மானேஜர் காது சிவந்தது. ஜீப் அண்ணன் வரவேற்பறை சோபா நுனியில் உட்கார்ந்து ஒரு பாட்டை முழுதாக வாசித்துப் பாடினார். சாவி வாங்க நின்றவர்கள் சாவியை வாங்காமல் நின்றார்கள். "சாரி அண்ணே, காணும் பொங்கலுக்கு வந்துருங்க" என்றார் மானேஜர். திரும்பும்போது அவர் வளைவுகளில் ஸ்டீயரிங்கில் தாளம் போட்டுக்கொண்டே வந்தார்.

அடுத்த இரண்டு வாரமும் எனக்கு ஊர் சுற்றுகிற சோலிதான். பள்ளியின் மூன்று கிட்டார்களையும் சரிசெய்துவிட்டு, அவருடைய ஜீப்பிலேயே பூண்டிக்கும் கவுஞ்சிக்கும் போனேன். போன இடத்திலெல்லாம் என் தப்பு என்றுதான் ஆரம்பித்தேன். கவுஞ்சி வாத்தியார் பாதி கேட்கும்போதே, "கதவ எழைச்ச டீச்சர் நீங்கதானா?" என்றார். ஜீப் எனக்கு முன்னாலேயே கதையைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டிருந்தது. அதன்பிறகு ஊரில் அதுதான் என் பெயர். ஆச்சரியம் என்னவென்றால், அந்தப் பெயரைக் கேட்டுத்தான் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். டிராயரில் இருந்த விண்ணப்பத்தைச் சேடில் சுற்றிக் கொடுக்கக் கிழித்துப் பயன்படுத்தினேன்.

மூன்று வருடங்களுக்கு முன் ஜீப் அண்ணன் மாமனாரின் காப்பித் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளப் பெரும்பாறைக்குப் போய்விட்டார். ஜீப்பை விற்றுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். பாட்டு என்ன ஆயிற்று என்று தெரியாது. போனில் கேட்கப் பயம். ஹோட்டலும் புல்வெளியும் இல்லாத இடத்தில் அந்தக் கை என்ன செய்யும் என்று அவ்வப்போது நினைத்துக்கொள்வேன்.

இன்று அரை நாள் அனுமதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கதவு அதே கதவுதான், அதே சந்துதான். தை வரப்போவதற்கு அடையாளமாகக் காலையில்தான் செய்தித்தாள் அடைத்திருந்தேன். தேய்ந்த துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். சும்மா மாட்டிவைத்த கிட்டாரில் எலும்பு இப்படி அறுபடாது. தினமும் வாசிக்கிறவர் கையில்தான் இந்தப் பள்ளம் விழும். புது எலும்பெடுத்துத் தேய்த்து, 'தை' என்று அழுத்தி எழுதி, அதே தைலப் பெட்டியில் போட்டு, நாலு மணிக்குள் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். கண்டக்டர் பெட்டியை வாங்கித் தோள்பையில் வைத்தார்.

"அவரு ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டேன்.

"அட, மறந்தே போயிட்டேன் பாருங்க. நாளைக்குப் பெரட்டு இருக்காம், வெரசாக் கொடுத்துவிடச் சொன்னாரு. பெரட்டுன்னா என்னங்க?"

டிரைவர் ஹாரன் அடித்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

"கேட்டா அவரே பாடிக் காட்டுவாருங்க" என்றேன். "நீங்க பெட்டிய மட்டும் பத்திரமாக் கொண்டுபோய்க் கொடுத்துருங்க."