மூன்று முறை பிரித்த ரேடியோ

ஒழுங்காக வேலை செய்த ஒரு ரேடியோவை மூன்று முறை பிரித்துப் போட்டவன் நான். ஹாம் ரேடியோ உரிமம் வாங்கிய கையோடு, உத்தமபாளையத்தில் எங்கள் சாப்பாட்டு மேசையில் பாகங்களைப் பரப்பி, நானே பற்றவைத்த, சிக்னலை அனுப்பவும் வாங்கவும் செய்கிற சின்ன டிரான்ஸீவர் அது. லேப்டாப்போடு இணைத்தால், வாய் திறக்காமல் எழுத்தாகவே வெளிநாட்டுக்காரரோடு தொடர்புகொள்ளலாம். ஒரே ஒருவர் பதில் தந்தால் போதும், ஒரு மாதமாக மேசையை அடைத்துக்கொண்டதற்கு மனைவியிடம் நியாயம் சொல்லிவிடுவேன்.

திரையில் ஓர் எழுத்துகூட வரவில்லை. செம்புக் கம்பிச் சுருள்களை அவிழ்த்து, எண்ணி, மறுபடி சுற்றினேன். பிறகு சிக்னலை மறைக்கிறதென்று மேற்குத் தொடர்ச்சி மலையைக் குறை சொன்னேன். அது மறுத்துப் பேசாது.

கடைசியில், பல வருடமாக ஹாம் ரேடியோ இயக்கும் போடி ஏலக்காய் வியாபாரி ஒருவரை அழைத்தேன். அவர் பெட்டியைத் தொடவே இல்லை.

“அண்ணே, லேப்டாப்புல ஓடுறது எந்த ஊரு மணி?”

தேனி பஸ்ஸைத் தவறவிடக் கூடாதென்று எங்கள் வீட்டுக் கடிகாரங்களெல்லாம் ஏழு நிமிடம் முந்தி ஓடும். லேப்டாப்பையும் கையால் அப்படியே தள்ளி வைத்திருந்தேன். அதில் விநாடிகளும் பிசகிவிட்டன. இப்படி எழுத்தாகப் பேசுவதற்கோ இரண்டு முனைக் கடிகாரங்களும் விநாடி சுத்தமாக ஒத்துப்போக வேண்டும்.

மணியைத் திருத்தியதும் எழுத்துகள் கொட்டின. அரைமணியில் இந்தோனேசியாவிலிருந்து ஒருவர் பதில் தந்தார். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“என்ன சொன்னாக?”

“என் சிக்னல் எவ்வளவு கேக்குதுன்னு சொன்னாக. நானும் சொன்னேன். வணக்கம் போட்டுட்டுப் போயிட்டாக.”

அவள் திரையை ஒருமுறை பார்த்தாள்.

“இதுக்கு ஒரு மிஸ்டு கால் குடுத்திருக்கலாமேங்க.”