சாவு வராத நாவல் ஒன்று வேண்டும்

“படிக்க நல்ல நாவலாக ஒன்று சொல்லுங்களேன்” என்று யாராவது கேட்டால் இப்போதும் எனக்கு உடம்பு தளர்ந்துவிடும். நல்லது என்றால் யாருக்கு நல்லது? சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்துகொண்டு படிப்பவருக்கா, அடுப்பில் குழம்பை ஏற்றிவிட்டு நின்ற நிலையில் படிப்பவருக்கா? கேட்கிறவர்கள் அதைச் சொல்ல மாட்டார்கள். புத்தகம் பிடிக்காமல் போனால் மட்டும் நேரே வந்து என்னைப் பிடித்துக்கொள்வார்கள்.

நான் சேலத்தில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள். வெண்ணந்தூருக்குப் பக்கத்தில் ஒரு பண்ணையக்காரக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டேன். அந்தத் தெருவில் எழுத்துக்கூட்டாமல் படிக்கத் தெரிந்த பெண் நான் ஒருத்திதான். என் அண்ணன் சேலத்திலிருந்து புது நாவல்களாகப் பார்த்துக் கட்டி பஸ்ஸில் போட்டுவிடுவார். கண்டக்டர் அதை ராசிபுரத்தில் நாங்கள் வெண்ணெய் போடும் கடையில் இறக்கிவிட்டுப் போவார். வெண்ணெய் கொண்டுபோன கூடையிலேயே நாவல் வீட்டுக்கு வரும். எங்கள் வீட்டுப் புத்தகம் எதைத் திறந்தாலும் நெய் வாசம்தான். அது யுத்த காலம். காகிதம் பழுப்பாகி, எழுத்து பின்பக்கம் தெரியும். ஆனாலும் நாவல் வருவது நிற்கவில்லை.

அப்போது வந்த நாவல்களை இரண்டே கட்டாகக் கட்டிவிடலாம். ஒன்று துப்பறியும் நாவல். இன்னொன்று, பெண்கள் அவசியம் படிக்க வேண்டியது என்று அட்டையிலேயே போட்டிருக்கும் குடும்ப நாவல். முதலாவதில் முதல் அத்தியாயத்திலேயே ஒருவன் குத்துப்பட்டுக் கிடப்பான். இரண்டாவதில் கடைசிக்கு முந்தின அத்தியாயத்தில் ஒருத்தி செத்துப்போவாள், அதுவும் பெரும்பாலும் பிரசவத்தில். அவள் உத்தமி என்று அதற்கப்புறம்தான் புருஷனுக்குத் தெரியவரும். ஒரு பெண்ணை நல்லவள் என்று காட்ட அவளைக் கொன்றுதான் ஆக வேண்டும் என்று இந்த எழுத்தாளர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை. உயிரோடு இருக்கிறவள் நல்லவளாக இருக்கக் கூடாதா? நான் இல்லையா?

இந்த லட்சணத்தில்தான் என் நாத்தனார் பிள்ளைப்பேற்றுக்காகத் தாய்வீட்டுக்கு வந்தாள். என் வீட்டுக்காரருக்கு ஒரே தங்கை. ஏற்கெனவே இரண்டு பிள்ளை பிறந்து இரண்டும் தங்கவில்லை. அதனால் ஏழாம் மாதம் வரை காத்திருக்காமல் ஐந்திலேயே என் மாமியார் போய்க் கூட்டி வந்துவிட்டார். பயம் வீடு முழுக்க இருந்தது, யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. கனத்தைத் தூக்காதே என்றார்கள், வாசலைத் தாண்டாதே என்றார்கள். ஊரில் சாவு விழுந்து தப்புச் சத்தம் கேட்டால் போதும், வண்டி பூட்டித் தோட்டத்துச் சாளைக் குடிசைக்கு அவளைக் கொண்டுபோய்விடுவார்கள். பிள்ளை வயிற்றில் இருக்கும்போது சாவு காதில் விழக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். என் மாமியாருக்கு வாயைத் திறந்தால் வருவது ‘அட எழவே’ என்ற சொல்தான். அந்த மாதங்களில் ‘அட’ என்றதோடு நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றுவிடுவார்.

மத்தியானத்தில் வீட்டு முன்கூடமான ஆசாரத்தில் உட்கார்ந்து பெண்கள் எல்லாரும் விதைக்கடலை உடைப்போம். நான் மட்டும் உடைக்காமல் படிக்க வேண்டும், அது எனக்குக் கிடைத்த சலுகை. பார்க்கிறவர்களுக்கு அது சுகமான வேலையாகத் தெரியும். தொண்டை வறண்டு போவது எனக்கல்லவா தெரியும்?

நாத்தனார் வந்த மறுநாளே மாமியார் என்னை அடுக்களைக்குள் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். “இங்க பாரு சாமி, அவ கேக்கற கதையில சாவு வரப்படாது. ஆமா, சொல்லிப்போட்டேன்.”

“அப்படி ஒரு நாவல் இன்னும் வரலைங்க அத்தை” என்றேன்.

“வராட்டி நீ வர வெய்யி. படிச்சவதான நீயி?”

கைவசம் இருந்தது ஒரு துப்பறியும் நாவல். ஒரு ஜமீன்தார் தன் அறையில் கத்திக்குத்துப்பட்டுக் கிடக்கிறார், பட்டணத்திலிருந்து துப்பறிகிறவர் மோட்டாரில் வருகிறார். நான் கத்தியை எடுத்துவிட்டேன். ஜமீன்தாரின் வைர மோதிரம் திருடு போய்விட்டது, அந்த அதிர்ச்சியில் அவர் மயங்கி விழுந்துவிட்டார் என்று படித்தேன். முதல் நாள் நன்றாகத்தான் போயிற்று. மறுநாள் டாக்டர் வந்து பிரேதத்தைப் பரிசோதிக்கிற இடம். டாக்டர் வந்து நாடி பார்த்து மருந்து கொடுத்தார் என்று சமாளித்தேன். அதற்குப் பிறகு கதை முழுக்க அந்த ஆள் எழுந்திருக்கவே வழியில்லை. நானும் என்னதான் செய்வேன்?

“ஏனுங்க நங்கை, அவரு இன்னுமா எந்திரிக்கலை?” என்று கேட்டாள் நாத்தனார். அண்ணன் பெண்டாட்டியை நங்கை என்றுதான் அந்தப் பக்கம் கூப்பிடுவார்கள்.

“அசந்து தூங்குகிறார்.”

“இத்தன நாளாவா? கஞ்சி கிஞ்சி யாரு ஊத்தறாங்க?”

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வந்த பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

இதோடு விட்டதா? சாயங்காலம் நான் அடுப்பு மூட்டும்போது மாமியார் விறகு எடுத்து வைப்பது போல் பக்கத்தில் வந்து உட்காருவார். “இப்ப நெசத்தச் சொல்லு. செத்துப்போனானா?” என்பார். ஊரிலேயே கொலைக் கதை மேல் அவ்வளவு ஆசை வைத்திருந்தவர் அவர்தான். சட்டம் போட்டவரும் அவரேதான். ஆக, மத்தியானம் ஒரு தடவை கொலை இல்லாமல், சாயங்காலம் ஒரு தடவை கொலையோடு. யாரிடம் சொல்லி அழுவது? எனக்கே கடைசியில் யார் செத்தார், யார் தூங்குகிறார் என்று குழம்பிவிட்டது.

சலித்துப்போய் ஒரு குடும்ப நாவலை எடுத்தேன். தாய் தகப்பன் இல்லாத ஒரு பெண், பெரிய வீட்டில் மருமகளாகி, புருஷனின் சந்தேகத்துக்கு ஆளாகி, ஏச்சும் பேச்சும் வாங்கி, கடைசியில் பிள்ளை பெற்றதும் இறந்துபோகிறாள். முன்னதாகவே படித்துப் பார்த்துவிட்டதால் எந்த இடத்தில் புத்தகத்தை விட்டு விலக வேண்டும் என்று எனக்குத் தெரியும். அந்த அத்தியாயம் வந்ததும், பெண் குழந்தை பிறந்தது, தாயும் சேயும் நலம், புருஷன் ஓடிவந்து மன்னிப்புக் கேட்டான் என்று படித்துப் பக்கத்தைத் திருப்பினேன்.

மிச்சம் இருந்த பக்கங்கள் முழுக்க அந்தப் புருஷனின் ஒப்பாரி. அதில் எனக்கு ஒன்றும் உதவாது. மூடிவிடலாம் என்று பார்த்தேன், நாத்தனார் விடவில்லை.

“கொழந்தைக்கு என்ன பேரு வெச்சாங்க?”

பெயர் வைத்தேன். அடுத்த நாள், தலை நின்றதா என்று கேட்டாள். நின்றது. அப்புறம் குப்புற விழுந்தது, தவழ்ந்தது, பல் முளைத்தது. குலதெய்வம் கோயிலில் மொட்டை போட்டார்கள். மழை பெய்து, உடைத்த கடலை விதைக்கப் போய், அடுத்த மூட்டை வந்தது. கதை நடந்துகொண்டே இருந்தது. மற்ற பெண்கள் கொட்டாவி விட்டார்கள். இது என்ன நாவல், ஒரு கெட்டவன்கூட வரமாட்டேன் என்கிறானே என்று அலுத்துக்கொண்டார்கள். நாத்தனார் மட்டும் கடலையை மடியில் போட்டுக்கொண்டு, உடைக்காமல், என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு பிள்ளையை நோய்நொடி இல்லாமல் ஒவ்வொரு நாளும் வளர்ப்பது இத்தனை பாடு என்று எனக்கு முன்னால் தெரியாது. நிஜமாகவே களைத்துப்போனேன்.

ஒன்பதாம் மாதக் கடைசியில் என் மாமியாரின் தங்கை மல்லசமுத்திரத்திலிருந்து கூடை நிறையப் பலகாரத்தோடு வந்தார். ஆசாரத்தில் உட்கார்ந்ததுமே என் கையிலிருந்த அட்டையைப் பார்த்துவிட்டார்.

“அட, இந்தப் பொஸ்தகமா? எங்க ஊட்டுல மருமக படிச்சுப்போட்டு ரெண்டு நாளு சோறு திங்கல. பிள்ளையப் பெத்துப்போட்டு அந்தப் பொண்ணு பாவம் செத்து…”

“அட எழவே!” என்றார் என் மாமியார். அத்தனை மாதம் அடக்கி வைத்திருந்தது அந்த இடத்தில் வந்து விழுந்தது. கடலை உடைக்கிற சத்தம் நின்றுவிட்டது.

நாத்தனார் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. “அது அவங்க எழுதுன பொஸ்தகமுங்க சின்னம்மா” என்றாள். “எங்க நங்கை படிக்கறது வேற.” பிறகு என் பக்கம் திரும்பி, “நீங்க படிங்க. மொட்டையடிச்சதோட உட்டீங்க. இன்னிக்குக் காது குத்து” என்றாள்.

அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் கண் இருந்தது. பல நாளாக நான் அந்தப் புத்தகத்தைக் கடைசிப் பக்கத்திலேயே திறந்து வைத்துக்கொண்டிருந்ததை அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். நான் காது குத்தினேன். தாய்மாமன் மடியில் உட்கார வைத்து, குழந்தை அழ, வாயில் சர்க்கரை போட்டு, எல்லாம் முறையாகச் செய்தேன்.

மறுநாள் விடியும்போது அவளுக்கு வலி எடுத்தது. மருத்துவச்சி வந்து, வெயில் ஏறும் நேரத்தில் குழந்தை பிறந்தது. பெண். அழவில்லை. மருத்துவச்சி என்னென்னவோ செய்து பார்த்தார், அது அழவே இல்லை.

மாமியார் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். நான் மாட்டுக் கொட்டகையில் போய் நின்று அழுதேன். நாத்தனார் அழவில்லை. தண்ணீர் கொடுத்தால் குடித்தாள், எழுந்திரு என்றால் எழுந்தாள். பால் கட்டிக்கொண்டு நெஞ்சு வலித்தபோது, பால் வற்றுவதற்காக மல்லிகைப் பூவை வைத்துத் துணியால் கட்டிவிட்டோம். அந்தப் பூ வாடி வாடி எடுத்துப் போட்டோம், அப்போதும் அழவில்லை. நாள் போகப் போகப் பிள்ளை போன துக்கத்தைவிட இவள் அழாததுதான் வீட்டில் பெரிய பயமாகிவிட்டது. வெண்ணந்தூரில் இப்படித்தான் ஒருத்தி அழாமல் இருந்து இருந்து கடைசியில் பேச்சே நின்றுபோயிற்று என்று யாரோ வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். சொல்வதற்கென்றே சிலர் புறப்பட்டு வருகிறார்களே, அவர்களை என்ன செய்வது?

“ஏதாச்சும் படிச்சுக் காட்டு சாமி” என்றார் மாமியார். “என்ன வேணா படி. இனி என்ன?”

எதைப் படிப்பது? என் பெட்டி நிறைய நாவல் இருந்தது. அண்ணன் அனுப்பிய புதுத் துப்பறியும் நாவல் ஒன்று, நகைச்சுவை என்று ஒன்று. தினமும் அத்தனை பெண்களுக்கும் படித்துக் காட்டியவளுக்கு, இந்த ஒருத்திக்கு எதை எடுத்துப் படிப்பது என்று தெரியவில்லை. புதுத் துப்பறியும் நாவலை எடுத்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொலையை அப்படியே படித்தேன். மாமியார்கூட ‘அப்பறம்?’ என்று கேட்கவில்லை.

நாத்தனார் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“இது வேண்டாமுங்க நங்கை. அந்தப் பொஸ்தகத்தை எடுங்க.”

அந்தக் குடும்ப நாவலைத்தான் சொன்னாள்.

“அவங்க எழுதுனாப்பலயே படிங்க. ஒண்ணும் மாத்த வேண்டாம்.”

மாமியார் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்ல இரண்டு பேருக்கும் தெம்பு இல்லை. எடுத்து வந்து படித்தேன். அந்தப் பெண்ணுக்கு வலி கண்டது, குழந்தை பிறந்தது, அவள் கணவன் பெயரைச் சொல்லிக்கொண்டே கண்ணை மூடினாள். எல்லாம் அச்சில் இருந்தபடியே. புருஷன் ஓடி வந்தான், புலம்பினான். அந்தப் புலம்பலை முழுவதும் படித்தேன். கடைசிப் பக்கமும் முடிந்தது. நாத்தனார் கண் வற்றியே இருந்தது.

“கொழந்தை?” என்றாள்.

புரட்டிப் பார்த்தேன். முன்னும் பின்னும் தேடினேன். பிறந்தது என்று ஒரு வரி இருந்தது, அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. எழுதின மனிதர் தாயைச் சாகடிக்கிற அவசரத்தில் குழந்தையை மறந்தே போய்விட்டார். இத்தனை தடவை புரட்டியும் எனக்கு அது கண்ணில் படவில்லை.

“குழந்தையைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை” என்றேன்.

“செத்துப்போச்சுன்னு எழுதலீங்களா?”

“இல்லை.”

“நல்லாப் பாத்துச் சொல்லுங்க.”

“இல்லை, சாமி. எழுதவே இல்லை.”

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. தரையில் கையை ஊன்றிக்கொண்டு, வாய்விட்டு, தெருவுக்குக் கேட்கும்படி அழுதாள். மாமியார் அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார். வெயில் இறங்கி, மாடுகள் வீடு திரும்பும் வரைக்கும் அழுதாள். நாங்கள் யாரும் தடுக்கவில்லை.

அழுது ஓய்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள்.

“காது குத்தோட உட்டுட்டீங்களே நங்கை” என்றாள். “படிங்க.”

எனக்கு உடம்பில் ஒரு துளி தெம்பு இல்லை. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டேன். அந்தக் குழந்தைக்குத் தலை வாரி, பொட்டு வைத்து, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன்.